தோய்க்காத சாரம்

செவ்வாய், இரவு.

பழைய பருத்தித் துணியை அவித்து, கண்ணுக்குத் தெரியாத நாராக அரைத்து, பொலித்தீனுக்குப் பதில் தாள் செய்கிற ஓர்ஸ் ஹில் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. காலை அவசரத்தில் என் மனுசன் உடுத்தின சாரத்தாலேயே துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் செத்த நாளிலிருந்து தோய்க்காமல் வைத்திருந்த சாரம். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மிஸ் அதையும் வெட்டிப் போட்டுவிட்டா.

"ஐயோ மிஸ், அது என்ர மனுசன்ர சாரம்!"

"போன கிழமை கலியாணச் சீலையெண்டு ஏமாத்தினீங்கள். இனி ஏலாது அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்டின பிறகு என்ன செய்வது? நானும் சிரித்தேன்.

பின்னேரம் அது வெள்ளைக் கஞ்சியாக வந்தது. ஒரு போத்தலில் கொஞ்சம் கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா?"

"முகத்தில பூசி மாப்பிள்ளை பிடிக்கத்தான்."

இப்போது திறந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஆனாலும் மூடியை இறுக்கி மூடிவிட்டேன்.