அமைச்சனை அரசரோடு சேர்த்த துன்னம்

ஆறு வற்றாத, ஆநிரை குன்றாத செம்பர நாட்டை வெண்குடையின்கீழ்க் காத்தருளும் கோமாட்டி பெருநற்கோதையார் திருமுன்னர், அமைச்சன் வெண்ணாகன் அடிதொழுது விடுக்கும் ஓலை. குடை நீடுக, கோட்டை ஓங்குக, இதைப் படிக்கையில் தாங்கள் நீர் அருந்தாதிருப்பீராக, புரையேறும்.

தங்கள் யானைப்படை இக்கரையிலும் நீலக்குன்றத்துக் குதிரைப்படை அக்கரையிலும் நிற்க, எல்லைக் கூடாரத்தில் அந்நாட்டு அரசர் கடுமான்கோவுடன் ஆற்றுநீர்ப் பங்கு பற்றி மூன்று நாளாகப் பேசுகிறேன். பேசுகிறேன் என்பது சம்பிரதாயம். ஒரு வாக்கியத்தைக்கூட அவர் முடிக்க விடவில்லை.

இன்று காலை போர் முழங்க அவர் கை ஓங்கினார். தோளில் பட்டுக் குப்பாயம் டர்ரெனக் கிழிந்தது! கிழிந்த சட்டையோடு போர் அறிவித்தல் அவர் குலத்துக்கு ஆகாது. உடுத்தபடியே தைத்தால், ஊசி விலகும்வரை உடுத்தவர் பல்லில் நூலைக் கவ்வி மௌனம் காப்பது அவர்கள் மரபு. நம் பாளையத்துத் தையற்காரி சாத்தி வந்தாள். அவசரத்தில், அருகிருந்த என் மேலாடையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

நூலைத் துப்பி அரசர் சீறியெழுந்தார், நானும் எழுந்தேன். அவர் இடப்புறம் திரும்பினார்; நானும். இருபுறக் காவலரின் வாட்களும் உருவப்பட்டன.

யாரடி உனக்குத் துன்னத் தையல் கற்பித்தது என்று அரசர் உறுமினார்.

“துன்னம்னாலே நெருக்குறதுதானே சாமி! ஆதியில தோலை முள்ளால நெருக்கிக் கோத்தாங்க. அப்புறம் போர்க்களத்துல பிளந்த புண்ணை நெருக்கித் தைச்சாங்க. துணிக்கு அந்தப் பேரு கடைசியாத்தான் வந்துச்சு” என்றாள்.

அரசர் சட்டையை உயர்த்தி, சென்ற போரில் விலாவில் பெற்ற தழும்பைக் காட்டி, இதுவும் துன்னமோ என வினவினார்.

“அதேதான். ஆனா தைச்சவன் குடிச்சிருக்கான் சாமி.”

அரசரின் பின்னே நின்ற அவரது அரண்மனை மருத்துவர் இருமினார். முதலில் சிரித்தவர் அரசரே.

பிரிக்க அரை நாழிகை ஆகும், பிரிக்கவும் அதே மரபு என்று சாத்தி அவர் பல்லில் மீண்டும் நூலைத் திணித்தாள். அரை நாழிகை, கோமாட்டி! மதகு, மடை, இருகரை வயல், அவற்றின் தாகம் என அனைத்தும் பேசினேன். அவரால் விழிக்க மட்டுமே முடிந்தது. நூலைத் துப்பியதும், இதை முதல் நாளே சொல்வதற்கென்ன என்று என்னையே கடிந்தார்! பாதி நீர் நமக்கு.

ஆயினும் கடைசி மூன்று தையலைப் பிரிக்க அவர் விடவில்லை. தங்கள் படை திரும்பியதென மறுஓலை வரும்வரை நான் அவரை ஒட்டியே இருத்தல் நிபந்தனை. எனவே, இவ்வோலை கண்ட கணமே யானைகளைத் திருப்ப ஆணையிட்டருள்க. அரசர் நீராடப் புறப்படுகிறார், இழுக்கிறார்.

நம் அன்ன இலச்சினை இட்டேன். அருகே அவர் கரடி இலச்சினையும் இட்டார். ஒரே தோளசைவில் இரண்டும் கோணலாக விழுந்தன. கோணலானாலும் செல்லும், விரைக!