அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு

ஜூன் 9, திங்கள்

விடியவே தூறல். லண்டனில் எங்கள் செவன் கிங்ஸ் முழுக்க ஈரம்.

ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு இடையே உதைபந்தாட்டப் போட்டி. ஞாயிறு கடைசி லீக் ஆட்டம். வென்றால் எங்கள் கல்லூரிக்கு இறுதிப்போட்டி. எதிரணி, என் மனைவி சுமதி படித்த கல்லூரி. இம்முறை ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, பாவம். போன கிழமை பத்துப் பேரோடு விளையாடினார்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்கு முன்னோட்டம் எழுதுவது அணிப் பொறுப்பாளரான என் வேலை. "இது எமக்குப் பயிற்சி ஆட்டமே" என்று தொடங்கினேன். சுமதி எட்டி வாசித்தாள்.

"பயிற்சியோ? உங்களுக்குச் சரியான கொழுப்பு."

கொழுப்பு இல்லை. கபிலன் இருக்கிறான், என் மகன், எங்கள் ஸ்ட்ரைக்கர். பந்து அவன் காலுக்கு வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். வீட்டில் இதைச் சொல்வதில்லை. தலைக்கனம் வந்துவிடும்.

ஜூன் 11, புதன்

நல்ல வெயில். வேலை முடிந்து டூட்டிங் மைதானத்துக்குப் போனேன். எதிரணியின் பயிற்சியை ஒளித்திருந்து பார்க்கத்தான்.

கப்டன் யோகன் அண்ணை. பலசரக்குக் கடைக்காரர், ஐம்பது தாண்டியவர். முழங்காலில் துணிப்பட்டி. வந்தது எட்டுப் பேர். ஒருவர் சவுத்தாலில் இருந்து, ஷிப்ட் உடுப்போடேயே.

"ஓடுங்கோடா! தோக்கிறதெண்டாலும் ஓடித் தோப்பம்!"

என்னைக் கண்டுவிட்டார். "வேவு பாக்க வந்தனியோ? வா, தேத்தண்ணி குடி."

குடித்தேன். ஞாயிறும் பதினொரு பேர் இல்லையென்றால் அடுத்த வருடம் அவர்களுக்கு இடமில்லையாம். கமிட்டி சொல்லிவிட்டது. "பத்துப் பேர் உறுதி. இன்னும் ஓராள் வேணும், தேடுறன்" என்று சிரிக்கிறார். அவர் இடத்தில் நான் என்றால் எப்போதோ கைவிட்டுவிட்டு டிவிக்கு முன்னால் கிடந்திருப்பேன். என்ன மனிதர்!

இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் உளறினேன். கபிலன் கேட்டுக்கொண்டிருந்தான். சுமதி அவனையே பார்த்தபடி கறி போட்டாள். அந்தப் பார்வை என்றால் எனக்குப் பயம்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். தலையிடி.

முந்தி இருந்த விதிப்படி, விளையாடுபவர் அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அல்லது அப்பா படித்திருக்க வேண்டும். போன வருடம் நான்தான் கமிட்டியில் மேசையில் தட்டி, "அம்மா படித்திருந்தாலும் சேரும்" என்று மாற்றுவித்தேன். எங்களுக்கு ஒரு டிஃபெண்டரைப் பிடிக்க. எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்று சுமதி: "அந்த விதி எங்கட கல்லூரிக்கும்தானே?"

கபிலன் சாப்பாட்டுக் கோப்பையோடு பின்னால் நின்றான். "சாரி அப்பா. யோகன் அங்கிளிட்ட ஓமெண்டு சொல்லிட்டன்."

"எங்கட ஃபைனல் போயிடுமடா!"

"உங்களுக்கு பெஞ்ச்சில ஆக்கள் இருக்கு. அவைக்கு ஒருத்தரும் இல்லை."

இடையில் அணி மாறக் கூடாது என்று விதியில் எழுத மறந்தவனும் நானேதான். கோபம் கோபமாக வந்தது. வெளியே போய்க் காரைக் கழுவினேன். கார் சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 14, சனி

மழை விட்டுவிட்டது.

முன்னோட்டம், ஒரு வழியாக. "எதிரணியைக் குறைத்து எண்ண வேண்டாம். அவர்களிடம் இப்போது இந்தப் போட்டியின் சிறந்த ஸ்ட்ரைக்கர் இருக்கிறார்." உடனே ஒருவர்: "அண்ணை, உங்கட வீட்டுக்குள்ளையே ஓட்டை!" போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சுமதி இரண்டு அணிக்கும் றோல்ஸ் பொரிக்கிறாள். "தோக்கிறவைக்கும் பசிக்கும்" என்கிறாள். யார் தோற்பது என்று கேட்கவில்லை.

கபிலன் அவர்களுடைய ஜெர்சியைப் போட்டுக் காட்டினான். தோளில் இறுக்கம். "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெருமையாக இருந்தது, சொல்ல வெட்கம்.

ஜூன் 15, ஞாயிறு

வானம் மப்பு. காற்றில்லை. காரில் இருந்து எழுதுகிறேன், தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது.

யோகன் அண்ணை விரல் நீட்டித் தன் ஆட்களை எண்ணினார். பதினொன்று. திரும்பவும் எண்ணினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் கோல்கீப்பர் கையுறையோடு ஓடி வந்தான். "அண்ணை, கபிலன் பெனால்டி எந்தப் பக்கம் அடிக்கிறவன்?"

சின்ன வயதிலிருந்து இடப்பக்கம்தான். வீட்டுப் பின்வளவில் நின்று பந்து பிடித்தவன் நான்.

"தெரியாது தம்பி" என்றேன்.