சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னது நான்தான்

இன்று காலை கீழ்வீட்டில் யாரோ தாச்சியில் கராம்பு சூடாக்கினார்கள். வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஒரு வீட்டு மணம் ஆறு வீட்டுக்குப் போகும், உனக்குத் தெரியும். கறிக்கு வறுக்கிற மணம் இல்லை அது. தனிக் கராம்பு. மருதோன்றி உதிர்த்த கையை ஒரு பெண் அந்தப் புகைக்கு மேலே திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற எனக்கு உன்மேல் இருந்த கோபம் முழுவதும் திரும்பி வந்தது. நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. கொஞ்சமும் ஆறவில்லை.

ஒரே வகுப்பில் படித்தோம். இருபது வயதில் இரண்டு பேருமாகக் கலியாண வீடுகளுக்கு மருதோன்றி போடத் தொடங்கினோம். குழைத்துக் கோன் கட்டுவது நீ. வரைவதில் பெரும்பகுதி நான். வரைந்து முடிந்ததும் பெண்ணை நீ பொறுப்பெடுத்துவிடுவாய். "இனித்தான் வேலை இருக்கு பிள்ளை" என்று பக்கத்தில் இருத்தி வைத்துச் சொல்லுவாய். தேசிக்காய்ப் புளியில் சீனி கரைத்துப் பஞ்சால் ஒற்றவேண்டும், அப்போதுதான் காய்ந்து கொட்டாது. எட்டு மணித்தியாலம் கையில் இருக்கவேண்டும். பிறகு கழுவக் கூடாது, கத்தியின் மொட்டைப் பக்கத்தால் சுரண்டி எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசவேண்டும். கராம்புப் புகை காட்டவேண்டும். அடுத்த நாள் வரைக்கும் கை நனையக் கூடாது. "தண்ணி முதல் எதிரி, சவுக்காரம் ரெண்டாவது எதிரி." சுரண்டியவுடன் தோடம்பழ நிறத்தைப் பார்த்துப் பெண்கள் முகம் வாடுவார்கள். நீ சிரித்துக்கொண்டு, "நாளைக்குக் காலமை பாத்திட்டு எனக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்க" என்பாய். எடுப்பார்கள். கை கறுத்துச் சிவந்திருக்கும். பத்து நாள் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் கொட்டாஞ்சேனையில் அந்தக் காரியத்தைச் செய்தாய்.

கலியாணப்பெண் ஷர்மிளாவுக்குக் கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று அடம். கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. நான் வலது கை, நீ இடது கை. கோனை அமத்தும்போதே மணம் வேறாக இருந்தது. "என்னடி கலந்தனி?" என்று உன் காதுக்குள் கேட்டேன். "பேசாமப் போடு. ஒரு மணித்தியாலத்தில கறுத்திடும்" என்றாய். தலைக்குப் பூசுகிற சாயத்தூள் என்று தெருவில் இறங்கின பிறகுதான் சொன்னாய். திரும்பிப் போய்க் கழுவச் சொல்வோம் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாய். நானும் ஏறினேன். அந்தப் பங்கு என்னுடையது.

இரண்டாம் நாள் அந்தப் பிள்ளையின் இரண்டு கையும் கொப்பளித்துப் போயின. மணவறையில் கைகளில் துணி சுற்றிக்கொண்டு இருந்தாளாம். பிறகு அவளுடைய தாய் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, நான் வாய் திறப்பதற்கு முன்னமே நீ அழத் தொடங்கினாய். "கோன் கட்டினது இவதான் அன்ரி. நான் வேண்டாமெண்டு சொன்னனான்." என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாய். உன் மச்சாள் அதே ஒழுங்கையில் இருந்தவள். உன்னைத்தான் நம்பினார்கள். ஷர்மிளாவின் தாய் என்னைப் பார்த்து, "உனக்கும் ஒரு பெண்பிள்ளை பிறக்கட்டும், அப்பத் தெரியும்" என்றா. எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. அந்தச் சொல்லைப் பல வருடம் படுக்கையில் போட்டுப் புரட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. காலி வீதியில் ஒரு ஃபான்சிக் கடையில் வளையல் எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ கலியாணம் கலியாணமாகப் போனாய். கடைக்கு வருகிற பெண்களின் கைகளில் உன் கொடிகளைப் பார்ப்பேன். நல்ல இயற்கை நிறம். பிறகு ஒருநாளும் நீ சாயம் கலக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

போன வருடம் நீ கோல் எடுத்தாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உன் குரல். மகள் நிவேதாவுக்குக் கலியாணம் என்றாய். புற்றுநோய்க்கு ஊசி ஏற்றி ஏற்றி விரல் விறைத்துவிட்டது, கோன் பிடிக்க முடியவில்லை என்றாய். "நீதான் வரவேணும். வேற ஆரையும் நம்பேலாது." மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. வருகிறேன் என்றேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று ரிசீவரை வைக்கும்போதே எனக்குத் தெரியும்.

நான் வந்த அன்று உனக்கு ஆஸ்பத்திரி நாள். நாலு மணித்தியாலம் இருந்து வரைந்தேன். என் கை அவ்வளவு நன்றாக ஒருநாளும் ஓடியதில்லை. முடிந்ததும் நிவேதாவிடம், "ஒரு மணித்தியாலத்தில சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவு பிள்ளை" என்றேன்.

"அம்மா எட்டு மணித்தியாலம் வைக்கோணும் எண்டு சொல்லுவா அன்ரி."

"அது பழைய பவுடருக்கு. இது புதுசு. வைச்சா தோல் அவிஞ்சிடும்."

நம்பினாள். உன் பிள்ளை என்னை நம்பினாள்.

கலியாணத்தன்று மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நான் நினைத்தது இதுதான். யாராவது அந்த வெளிறிய கையைப் பார்த்து, போட்டது யார் என்று கேட்பார்கள். நீ என்னைக் காட்டுவாய். நான் எழும்பி, கொட்டாஞ்சேனையில் கோனுக்குள் சாயத்தூள் கலந்தது ஆர் எண்டு முதல் சொல்லு என்று எல்லாருக்கும் முன்னால் உன்னைக் கேட்பேன். எனக்குக் கெடுவதற்குப் பெயர் மிச்சம் இருக்கவில்லை. கேட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா கையைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது, பிடிக்கவே இல்லை. ஆர் போட்டது?" என்றா.

தலையில் துணி கட்டிக்கொண்டு கதிரையில் இருந்த நீ நிமிர்ந்து, "போட்டவவில பிழையில்லை. நான்தான் அவசரப்பட்டுக் கழுவச் சொன்னனான். மருந்து எடுத்து எடுத்து எனக்கு ஒண்டும் நினைவில நிக்குதில்லை" என்றாய்.

எல்லாரும் உனக்காக இரங்கினார்கள். நீ என் பக்கம் பார்க்கவில்லை. எழும்ப ஊன்றிய கையை நான் எடுத்துவிட்டேன். என் ஒரே சந்தர்ப்பத்தையும் நீ பறித்துக்கொண்டாய். சாப்பிடாமல் வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் நீ போனாய். செத்தவீட்டுக்கு நான் வரவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குச் சொல்ல நிவேதா வந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். "ஏன் அப்பிடிக் கழுவச் சொன்னனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அன்ரி. அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்து கையைப் பாத்தவுடன அம்மா எல்லாம் சொன்னவ. அன்ரியிட்ட மன்னிப்புக் கேளுங்கோ எண்டனான். 'அவள் வந்து கேட்டா நான் சொல்லுறன்' எண்டவ."

கேட்டால் சொல்லுவாயாம். நான் கேட்கும்வரை காத்திருந்தாயாம்.

அவளை உள்ளே கூப்பிட்டேன். "எனக்குச் சொன்னது காணாது. கொட்டாஞ்சேனைக்கு வந்து ஷர்மிளா வீட்டாருக்குச் சொல்லு" என்றேன். தாயைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத பிள்ளையிடம் கேட்டேன். அவள் "வாறன்" என்றாள்.

போனோம். ஷர்மிளாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். இரண்டு கையிலும் அந்தக் கொடிகள் வெளிறிய தழும்பாக இன்னும் இருக்கின்றன, இலை இலையாக. வலது கையில் இருப்பது நான் வரைந்தது. உன் மகள் நின்றபடி சொன்னாள்: "சாயம் கலந்தது என்ர அம்மா. பழியை இவவில போட்டதும் அம்மாதான்." குரல் உடைந்தாலும் கடைசிவரை சொன்னாள். ஷர்மிளாவின் தாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தடவித் தடவி என் கையைப் பிடித்து, "உன்னையா பிள்ளை நான் அப்பிடிப் பேசினனான்?" என்றா. "ஓம்" என்றேன்.

பஸ்ஸில் நிவேதா யன்னலோரம் இருந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். எனக்கு மனம் குளிர்ந்திருந்தது. உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். இனியும் வருந்த மாட்டேன், உன் பிள்ளையின் கலியாணக் கைகளுக்காகத் தவிர. அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன், பஸ் மருதானைச் சந்தியைத் தாண்டும்போது. அவள் தலையாட்டினாள்.

ஆனால் ஒன்று குறைகிறது. அந்த அறையில், அந்தத் தாய் என் கையைப் பிடித்த நேரத்தில், நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்கத்தான் திரும்பினேன். என் வெற்றியை வேறு யாரிடமும் காட்ட எனக்கு விருப்பமில்லை. நீ அங்கே இருந்திருக்கவேண்டும், பாவி. அதற்கும் சேர்த்துத்தான் உன்னை நான் மன்னிக்கவில்லை.