கருவாடு சுற்றிய தாள்

ஷாவோசிங்
பேரரசர் குவாங்சுவின் நான்காம் ஆண்டு, இரண்டாம் மாதம், 5

தம்பி ஜோங்லிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். அரசுத் தேர்வை விட்டுவிட்டு நீ பத்திரிகைக்குப் போன கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

நேற்று சந்தையில் கருவாட்டுக்காரி உன் பத்திரிகையில் கருவாடு சுற்றிக் கொடுத்தாள். “எழுத்துள்ள தாளை இப்படிப் பண்ணலாமா?” என்று கேட்டேன். “உங்க தம்பி அச்சடிக்கிறாரு, நான் மடிக்கிறேன். அவரைப் போய்க் கேளுங்கய்யா” என்கிறாள்! எழுத்து காலில் மிதிபடக்கூடாது என்று தெருத்தெருவாகத் தாள் பொறுக்கிக் கோயில் உலையில் எரிப்பவன் நான். இப்போது என் கூடையில் பாதி உன் பெயர் போட்டதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைகளைச் சுத்தம் செய்து கும்பிடும் சிங்மிங் அன்று குலப்பதிவேட்டைப் புதுப்பிக்கிறார்கள். நீ வந்து முன்னோர் முன் ஊதுபத்தி ஏற்றி விழுந்து வணங்காவிட்டால் உன் பெயரை அடித்துவிடுவார்கள். வந்துவிடு.

அண்ணன்,
லூ போயுவான்


ஷாங்காய்
இரண்டாம் மாதம், 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது. கருவாட்டுக்காரிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அப்பா கல்லறையில் புல் பறிக்கச் சொன்னால் நாளைக்கே படகேறுவேன். ஆனால் நான் இப்போது கிறிஸ்துவை நம்புகிறவன். பொய்யாக விழுந்து வணங்கினால் அவமானம் அப்பாவுக்குத்தான்.

தேர்வில் நான் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் மூன்றே பேர். மூவரும் மதிப்பெண் போட வந்தவர்கள். இன்று ஷான்சியில் பஞ்சத்தால் மரப்பட்டையைத் தின்கிறார்கள் என்று எழுதினால், முகம் தெரியாதவர்கள் தானிய மூட்டை அனுப்புகிறார்கள். இதை எப்படி விட்டுவிட்டு வருவேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடிப்பதானால் நீங்களே அடியுங்கள். வேறு யார் கையாலும் வேண்டாம்.

தம்பி,
ஜோங்லி


ஷாவோசிங்
மூன்றாம் மாதம், 4

தம்பி,

நீ கேட்டபடி நானே அடித்தேன். மெல்லிய கோடு. அடியில் உன் பெயர் நன்றாகவே தெரிகிறது. சித்தப்பா எட்டிப் பார்த்து, “அழுத்தி அடிடா!” என்று கத்தினார். “மை தீந்துபோச்சு” என்றேன். மை அரைக்கும் கல்லில் மை நிறைய இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அப்படியே ஏட்டை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொறுக்கும் தாளை உலையில் போடுமுன் படித்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது. ஷான்சிக்குப் போன தானிய வண்டிகள் மலைப்பாதையில் பனியில் சிக்கி நிற்பதாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இனிமேல் எனக்கு முழுத் தாளாக அனுப்பு. வண்டிகள் போய்ச் சேர்ந்தனவா?

உன் அண்ணன்