இருமல் கேளாத இளவேனில்

ஏரிகள் நிறைந்து கரை நிற்க. விதைத்தவர் அறுக்கும்வரை மழை பொறுத்தருள்க. மூன்று ஆறுகளுக்கும் உரியவர், வாகைவள நாட்டுப் பெருவேந்தர் அருந்திறற்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, மூத்த அமைச்சர் கொற்றங்குமரர், புன்னைத்துறை நாட்டைக் காத்துவரும் கடற்காவலர் சேந்தன்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் உப்பளங்கள் வெளுக்க, உம் ஓடங்கள் பொழுது சாயுமுன் கரை திரும்ப, உம் குடிகள் வயிறு நிறைந்து உறங்க வாழ்த்துகிறோம்.

இவ்வோலையோடு வரும் கூண்டு வண்டியில் அவைப்புலவர் அல்லியங்கண்ணியாரும், உம் துறையிலேயே பிறந்த ஓடத்தச்சரான அவர் கணவர் நாகனாரும் வருகிறார்கள். அவர்களை எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவே இது எழுதப்படுகிறது. சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்க. எழுதுவிக்கும் அமைச்சருக்கும் வயதாகிவிட்டது.

நம் அவையின் காலைப்பாட்டு வழக்கத்தை நீர் அறிவீர். வேந்தரின் பாட்டனார் காலத்தில் ஒரு கார்ப்பருவம் முழுவதும் பொய்த்துப்போக, அவரோ தம்மை மேகத்துக்கு ஒப்பிட்ட புகழ்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு அரியணையில் இருந்தார். அந்த வெட்கத்தில் பிறந்த ஆணை இது: முதல் முறையீட்டைக் கேட்குமுன், அன்று அரண்மனைக்கு வெளியே கண்டதை நான்கு வரியில் ஒருவர் பாட வேண்டும், அதில் அரசர் கூடாது, போர் கூடாது, கண்ட பருவமும் கண்ட வாழ்வும் மட்டுமே வேண்டும். இரண்டு அரசர்களுக்கு அதைப் பாடியவர் அல்லியங்கண்ணியார். அவர் பாடியவற்றுள் ஒன்று இன்னும் எம் நினைவில் இருக்கிறது:

நெல் காயும் முற்றம்;
கோழி மேய்கிறது, விரட்ட ஆளில்லை;
வீட்டுக்குள்ளே
புதுப்பிள்ளையின் அழுகை.

இப்பாட்டைக் கேட்ட பின்னரே, பேறு நடந்த வீட்டு ஆடவரை அறுவடைக் காலத்தில் கோட்டை வேலைக்கு அழைப்பதில்லை என்ற விதி வந்தது. நான்கு வரிக்கு அவ்வளவு வலிமை இருந்தது. கேடும் அதிலேயே இருந்தது.

அல்லியங்கண்ணியார் காண்பதெல்லாம் வேந்தர் காதுக்குப் போகிறது என்று ஊர் தெரிந்துகொண்டது. அவர் தெருவில் கால்வைத்ததும், “அல்லியம்மா வர்றாங்க, சண்டைய நிறுத்துங்கடி!” என்று குரல் எழும், வாசல்கள் நொடியில் பளிச்சென்று ஆகும். வேறு தெருவிலோ, “அம்மா, எம்புள்ளையப் பாருங்க, எப்படி மெலிஞ்சு கெடக்கு” என்று சொல்லி, கொழுகொழுவென்ற பிள்ளையைக் கிள்ளி அழவிடுவார்கள். பூத்த முருங்கைக்கிளையை ஒடித்து வந்து பாட்டில் வைக்கச் சொன்னவரும் உண்டு. சில காலம் அவர் சிரித்தார். பிறகு அலுத்துப்போனார். அன்றாட வாழ்வைப் பாடப் போகிறவரைக் கண்டதும் அன்றாட வாழ்வு வேடம் போட்டுக்கொண்டால், பாவம், அவர்தாம் என்ன செய்வார்?

வேடம் போடாத இடம் ஒன்றே மீந்தது. அது அவர் வீடு. ஆகவே இந்த முன்பனிக்காலத்தில் அவர் வீட்டைப் பாடத் தொடங்கினார்:

கிணற்றுக் கயிறு
பனியில் நனைந்திருக்கிறது;
அடுப்பு எரியுமுன்
அவர் இருமல் எழுந்துவிட்டது.

அவை உருகியது. மறுநாள் அந்த இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்க எல்லோரும் நேரத்தோடு வந்தார்கள். எழுதுவிக்கும் அமைச்சரும் வந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. நாகனாரின் இருமல் நாட்டின் பனிக்காலக் குறியாயிற்று. சந்தையில் அவரை நிறுத்தி, “இன்னும் விடலையா?” என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

பின்பனி கழிந்த ஒரு காலை அல்லியங்கண்ணியார் முகம் மலர வந்து பாடினார்:

வேம்பு துளிர்த்தது;
போர்வை மடிந்தது;
இரவெல்லாம் இருமல் இல்லை;
எங்கள் வீட்டுக்கும் இளவேனில்.

வேந்தர் தம் கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வீடு போனவர், கணவர் கொல்லையில் சுருண்டு கிடக்கக் கண்டார். அவர் வாயில் திணித்திருந்த துணியில் இரத்தம் இருந்தது. அவர் சொன்னதை அல்லியங்கண்ணியார் சொன்னபடியே எழுதுகிறோம்: “இருமுனா விடிஞ்சதும் அரமனையில கேக்குமேன்னு துணிய வெச்சு அடக்கிக்கிட்டேன். நான் உம் புருசனா, பருவமா, அல்லி?”

இருமல் இல்லை என்று அல்லியங்கண்ணியார் பாடிய இரவுகளில், அருகில் படுத்திருந்த கணவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் உற்றுப் பார்த்த கண்ணுக்கு இது தப்பிவிட்டது. கடற்காற்று நல்லது என்று மருத்துவர் சொன்னார். எத்தனை நாளைக்கு நல்லது என்று கேட்டதற்கு மருந்துப் பையைக் கட்டத் தொடங்கினார்.

காப்பைத் திருப்பி வைத்துவிட்டு அல்லியங்கண்ணியார் விடை கேட்டபோது, பாட்டின்றி அவை கூடுவது எப்படி என்று வேந்தர் தயங்கினார். மாளிகை தருவதாகவும், ஏவலர் தருவதாகவும், வாரம் ஒரு பாட்டே போதும் என்றும் சொன்னார். அதற்கு அவர், இருக்கும் நாள்வரை தம் கணவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தாம் விரும்புவதாகவும், அவர் முகத்தைப் பார்க்கும்போது நான்காம் வரி தானே வந்து நிற்பது தமக்கு அருவருப்பாக இருப்பதாகவும் தெரிவித்தார். அதன்பின் வேந்தர் விடை தந்தார்.

இப்போது காலையில் பாட்டு இல்லை. அது பாடப்படும் நேரத்துக்கு அவை வாய்மூடி இருக்கிறது. முதல் நாள் அந்த அமைதியில் வாயிற்காவலர் ஒருவர் இருமினார். வேந்தர் எழுந்து போய், எத்தனை நாளாக என்று தாமே கேட்டார். மழைக்காலம் முதலாகவே என்றார் அவர். நாங்கள் அவரைக் கடந்துதான் தினமும் பாட்டுக் கேட்கப் போய்க்கொண்டிருந்தோம்.

ஆகையால் சேந்தன்கீரனாருக்கு ஆணை: கடற்காற்று நேரே வரும் ஒரு வீட்டை அவர்களுக்குத் தருக. அல்லியங்கண்ணியாரிடம் எவரும் பாட்டுக் கேட்கலாகாது. மழை வருகிறது என்று அவர் சொன்னால், காயப்போட்ட துணியை எடுக்க வேண்டுமே அன்றி, எவரும் எழுத்தாணியை எடுக்கலாகாது. நாகனார் உரக்க இருமட்டும். அதைக் கேட்டவர் வெந்நீர் கொண்டுபோகட்டும், வேறெங்கும் கொண்டுபோக வேண்டா.

வாகை முத்திரை இட்டோம். இதை நீர் ஒருவரே படித்து, படித்ததும் அடுப்பில் இடுக. அல்லியங்கண்ணியாருக்குக் காட்ட வேண்டா. அவர் வீட்டை மறுபடியும் ஓர் ஓலையில் ஏற்றிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டா.