ஒரு மீசை குறைந்த மீன்

அன்பு மகன் டங்கனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே உலகத்தின் மறுகோடியில் டனீடனில் இப்போது கடுங்குளிர் என்று அம்மா சொன்னாள், நீ சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். நீ அங்கே போனதிலிருந்து நான் உனக்கு எழுதும் முதல் கடிதம், பதறுவதில் தப்பில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது மக்கர் பண்ணுகிறது, டாக்டரிடம் போ என்றால் நீங்கள் முதலில் காது டாக்டரிடம் போங்கள் என்கிறாள். உன் அக்கா பிரயோனி வார்விக்கில் வீடு மாறிவிட்டாள், புது வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், மழையே இல்லாத வருஷத்தில் அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், அதற்கும் கோபம். ஃபோனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் ஃபோனில் நீயும் நானும் பேசுவது உனக்கே தெரியும், அங்கே வானிலை எப்படி, இங்கே வானிலை எப்படி, சரி அம்மாவிடம் கொடுக்கிறேன். இது வானிலைக்கு அப்பாற்பட்ட சமாச்சாரம், அதனால் பேனாவை எடுத்தேன்.

இந்தக் கோடையில் டிரென்ட் ஆறு நான் பார்த்த வரையில் இவ்வளவு வற்றியதே இல்லை. சீசன் திறந்து மூன்று வாரமாகியும் நாலு மீசைக்காரன் பார்பல் மீன் உருப்படியாக ஒன்றுகூட யாருக்கும் கிடைக்கவில்லை, நம் தூண்டில் கிளப்பில் சதா பீற்றிக்கொள்ளும் நெவில்கூட வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்றால் பார்த்துக்கொள். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் கூழாங்கல் வெளியே தெரிகிறது. தண்ணீர் ஆழமாக இருந்தது ஒரே ஒரு இடம், மதகுக்குக் கீழே வில்லோ மரம் சாய்ந்திருக்கிறதே, அந்த இடம். உன் இடம். பதின்மூன்று வருஷமாக அங்கே நான் தூண்டில் போட்டதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. கரை சரியில்லை, வேர் நிறைய, தூண்டில் நரம்பு அறுந்துபோகும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சாக்குச் சொல்லி வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் விடிந்தும் விடியாமலும் அங்கே போய் உட்கார்ந்தேன். கூடையில் வேகவைத்த சணல் விதை, முள்ளில் கோர்க்க டப்பா இறைச்சி. அந்த இறைச்சி அம்மா சாண்ட்விச்சுக்கு வாங்கி வைத்தது, அந்த வழக்கு வீட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்து மணிக்கு மேல் இருக்கும். கோலின் நுனி லேசாகக்கூட ஆடவில்லை, முன்னறிவிப்பே இல்லை, தாங்கியில் சாத்தியிருந்த கோல் அப்படியே ஆற்றுக்குள் ஓடப் பார்த்தது. அடிப்பிடியை எட்டிப் பிடித்தேன். டங்கா, ஐம்பது வருஷமாகத் தூண்டில் பிடிக்கிறேன், என் கையில் அப்படி ஒரு கனம் வந்ததில்லை. அது பாயவில்லை, துள்ளவில்லை, ஆற்றின் அடியோடு அடியாக நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வேர்ப் பக்கம் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அதுவாகவே திரும்பியது, நான் திருப்பினேன் என்று சொன்னால் பொய். கடைசியில் வலைக்குள் வந்தபோது வலை நிறைந்துவிட்டது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈரப்பாயில் கிடத்தி முள்ளை எடுத்து எடை போட்டேன். நனைந்த பையின் எடையைக் கழித்து மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் பதினைந்து பவுண்டு ஒன்பது அவுன்ஸ். அதுவரை என் ஆயுசில் பிடித்த பெரிய மீன் பன்னிரண்டு பவுண்டு பதினான்கு அவுன்ஸ். கிளப் சாதனைப் பலகையில் இப்போது முதலில் இருப்பது நெவிலின் பதின்மூன்று ஆறு. மனசு எங்கே போகும் சொல், பலகைக்குத்தான் போயிற்று. பதிவாக வேண்டுமென்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டுமே. உடனே படம் பிடித்துக்கொண்டு விட்டிருக்கலாம், ஆனால் ஆசை யாரை விட்டது, நெவில் வந்து கண்ணால் பார்த்து வயிறெரியட்டும் என்று மீனை வலையோடு தண்ணீரில் வைத்துவிட்டு அவனுக்கு ஃபோன் போட்டேன். தூங்குமூஞ்சி எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், வலைக்குள் மீன் மெல்லச் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டுகிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பார்பல் தன் உயிரையே செலவழித்துத்தான் போராடும், அது தெரிந்தும் வலையில் அடைத்து வைத்தது என் தப்பு. ஃபோனைப் பையில் எறிந்துவிட்டு உடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். ஓட்டம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, ஒரு கை வாலடியிலும் ஒரு கை நெஞ்சின் கீழும் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். செவுள் அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மாதாகோவில் மணி ஆறு அடித்தது.

அப்போது கரையில் பையிலிருந்து ஃபோன் அடித்தது. நெவில்தான், நான் கூப்பிட்டதைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுகிறான். அவன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்தால் கால் மணி நேரம். ஃபோன் இருந்தது ஆறே தப்படி தூரத்தில். ஒரு கையால் மீனைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கரைப் பக்கம் நகர்ந்து பார்க்கலாமே என்று ஒரு கையை எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் அது புரண்டுவிட்டது. மறுபடி நிமிர்த்தினேன், ஃபோன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது, மறுபடியும் ஒரு கையை எடுத்துப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் புரண்டது. அப்புறம் ஃபோன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் எனக்கு உன் நினைப்பு வந்தது.

அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. இதே மரத்தடியில் தன்னந்தனியாகப் பத்து பவுண்டு மூன்று அவுன்ஸ் பிடித்தேன் என்று சனிக்கிழமை கிளப்பில் வந்து சொன்னாய். அதுவரை நம் ஆற்றுப் பகுதியில் பத்து பவுண்டைத் தொட்ட மீன் யாருக்கும் கிடைத்ததில்லை. பலகையில் முதல் பெயர் என்னுடையது, ஒன்பது பதினான்கு. படம் எங்கே என்று கேட்டேன். "மீன் சாகக் கிடந்துச்சுப்பா, அரை மணி நேரம் புடிச்சுக்கிட்டு நின்னேன், மீனை விட்டுட்டு எப்படி ஃபோனை எடுக்கறது?" என்றாய். "ஒரு கையால புடிச்சுக்கிட்டு எடுக்கறதுதானே?" என்றேன் நான். மீனின் இடது கடைவாய் மீசை இல்லை, அது அடையாளம் என்று சொன்னாய். நான் எழுந்து நின்று, "மீசை இல்லாத மீனாம், படம் இல்லாத ஃபோனாம், சாட்சி இல்லாத சாதனையாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், அறையே சிரித்தது. நீ விடாமல், "இன்னொரு அடையாளமும் இருக்குப்பா, அதோட" என்று ஆரம்பித்தாய். "போதும்டா, வீட்டுக்குப் போறதுக்குள்ள அது சுறாவா வளந்துடும்" என்று உன் வாயை அடைத்தேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். நீ கோலைக் கொட்டகையில் சாத்தியதோடு சரி, மறு வருஷம் டனீடனுக்கே போய்விட்டாய். நீ பொய் சொல்கிறாய் என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, அதுதான் கொடுமை. நினைத்தது வேறு. ஒன்பது பதினான்குக்கு மேலே என் மகனின் பெயர் வரப்போகிறதே என்று ஒரு கணம் வயிறு எரிந்தது. பெற்றவன் எழுதக்கூடாத வாக்கியம், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்போது மீனுக்கு வருகிறேன். கை இரண்டும் அதற்குக் கொடுத்துவிட்டதால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. வெயில் ஏறி மரத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் விழுந்தது. முதுகு பழைய பித்தளைப் பாத்திரம் தேய்த்து வைத்தது போல, துடுப்புகளெல்லாம் செம்பருத்தி நிறம், ஒவ்வொரு செதிலுக்கும் தனி விளிம்பு. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்தாலும் அது போதவில்லை. மூக்கடியில் முன்மீசை இரண்டு. வலது கடைவாயில் ஒன்று. இடது கடைவாயில் இல்லை.

முதலில் எண்ணியது தப்போ என்று மறுபடி எண்ணினேன். மூன்றுதான். அந்த இடத்தில் சின்னத் தழும்பு, ஆறி வழவழப்பாகிப் பல வருஷம் ஆன தழும்பு. டங்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, தண்ணீர் அவ்வளவு ஜில்லென்றும் இல்லை. நீ காப்பாற்றி அனுப்பிய உயிர் பதின்மூன்று வருஷம் இந்த ஆற்றில் இருந்திருக்கிறது. மளிகைக்கடைக்குள் தண்ணீர் வந்த அந்த வெள்ளத்தில் இருந்திருக்கிறது, பாலம் உறைந்த குளிரில் இருந்திருக்கிறது, நான் அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அப்போதெல்லாம் கீழே இருந்திருக்கிறது. அன்றைக்கு நீ படத்துக்காக ஒரு கையை எடுத்திருந்தால் இன்றைக்கு இது இல்லை. அப்புறம் அதை லேசாகத் திருப்பிப் பார்த்தபோது இன்னொரு அடையாளமும் தெரிந்தது. அது என்ன, எங்கே என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், காரணம் பின்னால் வருகிறது. கோவில் மணி ஆறே முக்கால் அடித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் செவுள் நன்றாகத் திறந்து மூட ஆரம்பித்திருந்தது. வால் என் கையை ஒரு அழுத்து அழுத்தியது, இரண்டாவது அழுத்தில் என் கை வெறுங்கையாக இருந்தது. நான் தண்ணீரில் நின்று அழுதேன். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கிளப்பில் எழுந்து நின்று சொன்னேன். நெவில் வாயைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு தடவை கூப்புட்டேனே, ஏன்யா எடுக்கல?" என்றான். "மீனை விட்டுட்டு எப்படிடா எடுக்கறது?" என்றேன். "ஒரு கையால புடிச்சுக்கிட்டு எடுக்கறதுதானே?" என்றான் அவன். அவனுக்கு ஞாபகமில்லை, சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் வரை நின்றேன், எனக்கு அது நன்றாக வேண்டும். பிறகு இந்த வார்த்தையை இதே இடத்தில் நின்று என் மகனிடம் சொன்னவன் நான் என்று ஆரம்பித்து, மேலே உனக்கு எழுதியதை முழுக்கச் சொன்னேன், ஒன்பது பதினான்கு விஷயம் உட்பட. நெவில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கிளெனிஸைத் தெரியுமல்லவா, இப்போது அவள்தான் செயலாளர், பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்கு எடுத்த அதே கண்டிப்பு. அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டி, "மீனை ரெண்டு உறுப்பினர் பாத்திருக்கணும்னுதான் போட்டிருக்கு, ஒரே நாள்ல பாத்திருக்கணும்னு போடலயே" என்றாள். நெவில், "டெஸ்மண்ட், மீசை கதை இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை வச்சு நீ என்ன வேணா சொல்லலாமே" என்றான், நியாயமான பேச்சுதான். அதற்குக் கிளெனிஸ், "பையன் அன்னிக்கு இன்னொரு அடையாளம்னு ஆரம்பிச்சான், நீதான் சொல்ல விடல, நானும் இங்கதான் உக்காந்திருந்தேன்" என்றாள். ஒரு தாளைக் கொடுத்து அந்த இரண்டாவது அடையாளத்தை எழுதச் சொன்னாள், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் நெவிலைக் கையெழுத்துப் போட வைத்தாள். உன் பெயர் உறுப்பினர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பயந்து கேட்டேன். வருஷா வருஷம் அம்மா போய் உன் பெயரைப் புதுப்பித்து வந்திருக்கிறாள், இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆகவே கண்ணு, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் பாதியில் நிறுத்திய உன் வாக்கியத்தை முடித்து எழுது. எனக்கு வேண்டாம், நேராகக் கிளெனிஸுக்கு அனுப்பு. இரண்டும் ஒத்துப்போனால் முதலில் உன் பத்து மூன்றைப் பதிவில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன், உன் தேதியோடு, அதன் பிறகுதான் என்னுடையது. இவ்வளவு வருஷத்தில் அந்த அடையாளம் உனக்கு மறந்துபோயிருந்தால் மறந்துவிட்டது என்றே எழுது, ஊகித்து எழுத வேண்டாம். பலகையில் யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு இனி ஒன்றும் இல்லை. உறை அவர்களுக்காக. எனக்கு அது என் இரண்டு கைக்குள் இருந்தபோதே முடிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு என்று எழுதுவதற்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது, அதையும் மன்னித்துவிடு.

காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, அம்மா கவலைப்படுகிறாள். அவள் பின்னிய கம்பளிச் சட்டை சின்னதாக இருந்தாலும் வந்தது என்று ஒரு வார்த்தை சொல். உன் கோலைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் துடைத்து நரம்பு மாற்றி வைத்திருக்கிறேன், எப்போது வந்தாலும் வில்லோ மரத்தடி உனக்குத்தான், நான் பின்னால் நின்று வலை பிடிக்கிறேன். ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும்.

இப்படிக்கு,
உன் மீனுக்கு இரண்டாவது சாட்சி,
உன் அப்பா டெஸ்மண்ட்