வண்டிக்கு வெளியே நிற்பவனுக்கு

அண்ணே,

விரலில் பசை வாடை இன்னும் போகவில்லை. போன மாதம் உன் பொம்மை ரயில்பெட்டியின் கூரையைக் கழற்றினேன். உள்ளே, ஜன்னலோர சீட்டுக்குக் கீழே, இரண்டு பாதங்கள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கொலுசுக்கு நான் வைத்த வெள்ளிப் புள்ளிகூட அழியவில்லை. நம் தங்கை செல்வியின் கால்கள். மேலே ஆள் இல்லை.

நீ கண்ணை மூடி வருஷம் திரும்பிவிட்டது. வைத்திருந்தால் தூசிதான் அடைகிறது என்று அண்ணி ரயிலையும் தண்டவாளத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். உன் பொருள் ஒன்றும் வேண்டாம் என்றிருந்தவள் நான். இதை மட்டும் வாங்கிக்கொண்டேன். எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டாமா?

துபாயிலிருந்து நீ கொண்டுவந்தபோது பெட்டி காலியாக இருந்தது. "ஏட்டி, ஆளில்லாத வண்டி என்ன வண்டி? நம்ம வீட்டு ஆளுகளை ஏத்து" என்றாய். சின்ன வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசியில் ரயிலேறித் திரும்புவோமே, அந்தக் கோலத்தில் எல்லாரையும் செய்தேன். நகத்தளவுப் பொம்மைகள். அப்பா தலையில் ஈரத்துண்டு. அம்மாவுக்கு விரித்த கூந்தல். அவள் பக்கத்தில் நீ. சாரல் காலம் வேறு, பெயின்ட் காய்வேனா என்றது. சீட்டில் பொருந்துவதற்காகப் பொம்மைகளின் காலை முழங்காலோடு நறுக்கிவிடுவேன். ஜன்னலுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்? செல்விக்கு மட்டும் நறுக்க மனம் வரவில்லை. சீட்டைச் சுரண்டிப் பள்ளமாக்கி, கொலுசுக் காலோடு உட்கார வைத்தேன்.

அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டே நகவெட்டியோடு ரயில் இருந்த மாடிக்குப் போனாய். பசை விடவில்லை என்றதும் அவள் பொம்மையைக் கணுக்காலோடு வெட்டி, ஜன்னல் வழியே எறிந்தாய். "இனிமே இந்த வண்டியில அவளுக்கு இடமில்ல" என்றாய்.

பொம்மையோடு விட்டாயா? அம்மா செத்துக் கிடந்த அன்று உன் குத்துக்கல்வலசை வீட்டுக் கேட்டைப் பூட்டி வைத்தாயே. பாவி, பிள்ளைத்தாச்சியைத் தெருவில் நிற்க வைத்தாயே. பாடை வெளியே வந்தபோது, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள், முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை. ஆறவும் வேண்டாம்.

இப்போது கேள். அந்தப் பாதங்களை நான் சுரண்டவில்லை. அவற்றின் மேலேயே செல்வியைத் திரும்பச் செய்தேன், மஞ்சள் சேலையில். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். அம்மாவை ஒட்டி இருந்த உன்னைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அம்மா பார்க்காமலே போன பேத்தியை அங்கே வைத்தேன். உட்கார்ந்த பொம்மை நிற்காது என்று உனக்குப் புதிதாகவே ஒன்று செய்தேன், முழுக் காலோடு. மூக்கு, முன்வழுக்கை, எதிலும் குறை வைக்கவில்லை. தென்காசி என்று பலகை வைத்த பிளாட்பாரத்தில் நிறுத்தினேன்.

இன்று காலை ஆய்க்குடியிலிருந்து செல்வி வந்தாள். குனிந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். தன்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் உன்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் மட்டும் ஏங்க்கா வெளிய நிக்கான்?"

"இடமில்ல."

"நெருக்கி உக்காந்தா இடம் இருக்கும்லா?"

உன்னை மன்னித்து வெகுநாளாயிற்றாம். செத்தவன் மேல் என்ன கோபம் என்கிறாள். அவள் மனசு அப்படி. அது அவள் பாடு. அன்றைக்குக் கேட்டுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

வண்டியை ஓடவிட்டேன். பிளாட்பாரம் வரும்போதெல்லாம், ஒரு தரமாவது நிறுத்துக்கா என்கிறாள். சுவிட்சு என் கையில்தான் இருக்கிறது. உன்னைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டுகிறேன்.